முதுகுத்தண்டில் ஸ்குரூ வைத்தால் பிற்காலத்தில் யாருக்குத் தொந்தரவு வரும்?

உங்கள் அம்மாவுக்கு 60 தாண்டிவிட்டது, எல்4-எல்5 பியூஷன் (கீழ் முதுகின் இரண்டு எலும்புகளை ஸ்குரூ வைத்து ஒன்றாக ஒட்டவைக்கும் ஆபரேஷன்) செய்யச் சொல்கிறார்கள், வைக்கிற ஸ்குரூ பிற்காலத்தில் தொந்தரவு தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆபரேஷன் தேதி குறித்திருந்தாலும் பரவாயில்லை, எலும்பின் திடத்தை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள். எங்களுக்கு அதைக் கேட்கத் தெரியவில்லை.

என் அம்மாவுக்கு 63 வயதில் இதே இடத்தில் செய்தோம். கால் மரத்துப்போய், அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் இரண்டு தடவை உட்காருவாள். ஆபரேஷனுக்கு முன் சர்க்கரை பார்த்தார்கள், இதயம் பார்த்தார்கள். எலும்பு எவ்வளவு திடமாக இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. 38 வயதில் கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்தவள் அவள். சினைப்பை போனால் ஈஸ்ட்ரோஜனும் போய்விடும், எலும்பு சீக்கிரமே கரைய ஆரம்பிக்கும். அந்தப் பழைய கதையை அவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் நன்றாக நடந்தாள். நான்காம் மாதம், படுக்கையில் புரளும்போதெல்லாம் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கினாள். "உள்ள என்னமோ அசையுதுடா" என்றாள். வேறொரு டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கீழ் ஸ்குரூ இரண்டையும் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்ததுபோல் இருந்த கறுப்பு வளையத்தைக் காட்டினார். ஸ்குரூ தளர்ந்திருந்தது. அதற்கப்புறம் எடுத்த டெக்ஸாவில் எலும்புத் திடத்தைக் காட்டும் டி-ஸ்கோர் மைனஸ் 3.2. மைனஸ் 2.5 வந்தாலே ஆஸ்டியோபோரோசிஸ்தான், அதாவது எலும்பு மெலிவு நோய்.

தளம் போடும்போது சென்ட்ரிங் முட்டு கொடுப்போமே, அந்த வேலையைத்தான் ஸ்குரூவும் அவற்றை இணைக்கும் ராடும் செய்கின்றன என்று அந்த டாக்டர் சொன்னார். எலும்பு ஒட்டுவதற்கு ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும். ஒட்டாமலே போனால் எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியும் உலோகத்தின் மேல் விழும். ஸ்குரூ தளரும், இல்லையென்றால் ராடு முறியும். அதனால் பீடி, சிகரெட், கட்டுப்படாத சர்க்கரை, வைட்டமின் டி குறைவு, நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை, அதிக எடை எல்லாமே இந்த ஆபத்தைக் கூட்டும். சர்க்கரை ஏறியிருந்தால் புண்ணில் சீழ் பிடிக்கும் பயமும் உண்டு. மூன்று நான்கு எலும்பைச் சேர்த்து இடுப்பெலும்பு வரை பூட்டினால் கடைசி ஸ்குரூவுக்குப் பாரம் கூடும்.

மறுபடியும் திறந்து, தடித்த ஸ்குரூ போட்டு எலும்பு சிமெண்ட் வைத்தார்கள். எலும்பை வளர்க்கும் டெரிபாராடைடு மருந்தின் ஊசி பேனா பல மாதம் எங்கள் பிரிட்ஜ் கதவில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. தினமும் நான்தான் போட்டுவிட்டேன்.

நான் டாக்டர் இல்லை. ஆபரேஷன் வேண்டாமென்று பயமுறுத்துவதாக யாரும் சண்டைக்கு வரவேண்டாம். அம்மாவுக்கு அது கட்டாயம் தேவைப்பட்டது, இன்று அவள் நடப்பதே அதனால்தான். நிறையப் பேருக்கு முதல் ஆபரேஷனிலேயே நன்றாக ஒட்டிவிடுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். லட்சக்கணக்கில் வாடகை வாங்கும் கல்யாண மண்டபத்தில் ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் வைக்க மாட்டார்களா? போன தை மாதம் அம்மாவின் சொந்தத் தங்கை பேத்தி கல்யாணம். அங்கே குத்தவைத்து உட்காரத்தான் வசதி என்று தெரிந்து, அம்மா விடியற்காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. தாலி கட்டி முடிந்ததும் சாப்பிடாமலே "வீட்டுக்குப் போயிரலாமாப்பா" என்று என் கையைப் பிடித்தாள்.