இளம் உறுப்பினர் இளைஞருக்காகப் பேசுகிறாரா?

கேள்வி: 2025 தேர்தலில் எங்கட வயசுப் பெடியன் ஒருவர் பிரதேச சபைக்குத் தெரிவானார். எங்களுக்காகக் கதைப்பார் என்று நம்பினோம். வேலைவாய்ப்பு, பின்னேர பஸ், விளையாட்டு மைதானம் எதிலும் மாற்றமில்லை. இளையவர்களைத் தெரிவுசெய்து பயன் உண்டா?
– வாசகி, முல்லைத்தீவு

பதில்: பயன் உண்டு. ஆனால் வயது மட்டும் அதைத் தந்துவிடாது. பின்னேரம் பஸ் இல்லாத ஊரில் வளர்ந்தவருக்கு அந்தக் கஷ்டத்தை விளக்கத் தேவையில்லை. அதைச் சபையில் அவர் எழுப்புவாரா என்பதோ, யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதைப் பொறுத்தது.

உள்ளூராட்சி வேட்புமனுவில் கால்வாசிப்பேர் 35 வயதுக்கு மேற்படாத இளைஞராக இருக்கவேண்டும் என்கிறது சட்டம். அதோடு சரி. பெண்களுக்குப்போல ஆசனங்களில் ஒதுக்கீடு இல்லை. ஆகவே, பட்டியலை நிரப்புவதற்காகவே சேர்க்கப்படும் பிள்ளைகளும் உண்டு. உங்கள் உறுப்பினர் வட்டாரத்தில் வென்றவரா, விகிதாசாரப் பட்டியலில் வந்தவரா என்று பாருங்கள். முன்னவர் மறுபடியும் உங்கள் படலைக்கு வரவேண்டியவர். பின்னவரை நியமித்தது கட்சி.

அவர்மீது நியாயமாகவும் இருக்கவேண்டும். மைதானம், நூலகம், தெருவிளக்கு போன்றவை சபையின் வேலை. இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) பஸ் மத்திய அரசினுடையது. மாகாணத்துக்குள் ஓடும் தனியார் பஸ்ஸின் அனுமதி மாகாணத்திடம். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தபின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் வைக்கவில்லை. இளைஞரை அதிகம் பாதிக்கும் பாடசாலை, போக்குவரத்து விடயங்களில் கேள்வி கேட்க ஒரு மாகாண உறுப்பினர்கூட இல்லாதது பெரிய அநியாயம். வேலைவாய்ப்பு என்றால் உங்கள் வன்னித் தேர்தல் மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஆறு பேரையும் கேட்கவேண்டும்.

சபையின் கூட்ட அறிக்கைகளையும் மைதானத்துக்கான பாதீட்டு ஒதுக்கீட்டையும் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி எழுத்தில் கேளுங்கள்; 14 வேலைநாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டும். அவர் என்ன பிரேரணை கொண்டுவந்தார், பாதீட்டில் எப்படி வாக்களித்தார் என்பது அதில் தெரியும். முகநூல் படங்களில் தெரியாது.

பிறகு இளைஞர் கழகம் மூலம் ஒரேயொரு கோரிக்கையைக் கையொப்பங்களோடு கொடுங்கள். மைதானமே நல்லது, ஏனெனில் அது சபையால் முடிந்த காரியம். பாதீடு தயாராகும் முன்பே, ஒக்ரோபருக்குள் கொடுத்து, பிரேரணையாக வைக்கச் சொல்லுங்கள். பஸ் விடயத்தை மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் எழுப்பும்படி நாடாளுமன்ற உறுப்பினருக்குத் தனியே எழுதுங்கள். பெடியன் தட்டிக்கழித்தால், அதே கடிதத்தை அறுபது வயது உறுப்பினரிடம் கொடுக்கத் தயங்கவேண்டாம்.