தமிழ் எழுத்துரு வடிவமைப்பில் முதுகலை: ரெடிங்கா, தி ஹேக்கா, ஐஐடி பாம்பேயா?

விஸ்காம் முடித்திருக்கிறீர்கள், தமிழ் எழுத்துரு செய்வதே நோக்கம், இந்த மூன்றில் எதில் சேரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். எழுத்தை வரையும் கை இன்னும் பழகவில்லை என்றால் தி ஹேக். கை ஓரளவு பழகிவிட்டது, எழுத்தின் வரலாற்றையும் ஆராய்ந்து செய்ய ஆசை என்றால் ரெடிங். பெரிய கல்விக்கடன் வாங்கித்தான் போக முடியும் என்றால் முதலில் ஐஐடி பாம்பேக்கு முயலுங்கள். காரணங்களைச் சொல்கிறேன்.

நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் ராயல் அகாடமியில் உள்ள டைப் மீடியா ஓராண்டுப் படிப்பு. பன்னிரண்டு பேர் அளவில்தான் சேர்ப்பார்கள். எழுத்து என்பது பேனாவின் தடம் என்று கெரிட் நோர்ட்சை என்ற ஆசிரியர் அங்கே முப்பது ஆண்டு கற்பித்தது இன்றும் பாடத்தின் அடித்தளம். முதல் பாதி முழுக்கப் பயிற்சிதான்: பட்டை நிப்பு, கூர் நிப்பு, கல்லில் செதுக்குதல், பழைய அச்செழுத்து ஒன்றை மீட்டு வரைதல், பைத்தான் நிரல். (பைத்தானை அங்கே நெடுங்காலம் கற்பித்த யூஸ்ட் ஃபான் ரோசம், அந்த மொழியை உருவாக்கியவரின் தம்பி.) சொந்த எழுத்துரு இரண்டாம் பாதியில்தான்.

இங்கே தமிழ் மாணவர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பட்டை நிப்பின் தடிப்பும் மெலிவும் ரோமன் எழுத்தோடு வளர்ந்தவை. தமிழ் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்தது, கோடு எங்கும் ஒரே கனம். ரோமனின் தடிப்பை அப்படியே தமிழுக்குக் கொண்டுவந்தால் மூன்றுசுழி ண-வில் நெருங்கி நிற்கும் செங்குத்துக் கோடுகள் கறுத்துத் திட்டாகிவிடும், பக்கத்தில் ட வெளுத்து நிற்கும். 'கண்டார்' என்ற சொல்லை 10 பாயின்ட் அளவில் அச்செடுத்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், உடனே தெரியும். ண-வின் கோட்டை மற்ற எழுத்துகளைவிட ஒரு மயிரிழை மெலியவைக்க வேண்டும். எவ்வளவு என்பதைத் தமிழ் சரளமாகப் படிப்பவர் கண்தான் சொல்லும், ஆகவே அப்படி ஒருவரை வெளியிலிருந்து இப்போதே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தின் பலம் ரோமன் அல்லாத எழுத்துகள். அச்செழுத்து நிறுவனமான லினோடைப்பின் இங்கிலாந்து அலுவலகத்தில் அந்தப் பிரிவை நடத்திய ஃபியோனா ராஸ் இங்கே பல்லாண்டு கற்பித்தவர். லினோடைப் காலத்து வரைபடங்கள் துறையின் சேகரிப்பில் இருக்கின்றன. ஒரு வளைவை ஏன் அப்படித் திருத்தினார்கள் என்பதை மூலத்தாளிலேயே பார்க்கக் கிடைப்பது பெரிய வாய்ப்பு. ஃபெர்னாண்டோ மெல்லோ என்ற பிரேசில்காரர் தமிழும் ரோமனும் சேர்ந்த ஃபிரீடா எழுத்துருவை இங்கேதான் செய்தார். கூகுள் ஃபான்ட்ஸில் ஒன்பது கனங்களில் கிடைக்கும் கட்டமரான் எழுத்துருவைச் செய்த பிரியா ரவிச்சந்திரனும் இங்கே படித்தவரே.

ரெடிங்கில் கெடுவது நேரம். எழுத்துரு, ஆய்வேடு இரண்டும் ஓராண்டுக்குள் முடிய வேண்டும். 'ரோமனை முடித்துவிட்டுத் தமிழுக்கு வரலாம்' என்று தள்ளிப்போட்டால் தமிழ் அரைகுறையாக நிற்கும். 247 எழுத்தையும் தனித்தனியே வரைய வேண்டியதில்லை என்பது உண்மைதான். கொம்பு, இணைக்கொம்பு, துணைக்கால் ஆகியவற்றை ஒருமுறை வரைந்தால் எல்லா மெய்க்கும் பொருந்தும். உகர, ஊகார வரிசை அப்படியல்ல. 18 மெய்க்கு 36 வடிவங்கள், அவையும் ஒரே போக்கில் இல்லை: கு, மு, ரு ஒருவகை, பு, சு, வு இன்னொருவகை, து, நு, லு மூன்றாம் வகை. டி, டீ தனி. மேல்விலங்கும் (கி, மி-யில் வரும் கொக்கி) ஒரே வடிவத்தில் எல்லா எழுத்தின் தோளிலும் உட்காராது. அதனால் முதல் வாரங்களிலேயே ப, ட, க, ம, ண, ழ ஆகியவற்றோடு கு, பு, து மூன்றையும் வரைந்துவிடுங்கள். மீதி எழுத்துருவின் போக்கு அதில் தெரிந்துவிடும். இன்னொன்று: தமிழ் எழுத்தின் உயரத்தை ரோமன் சிறிய எழுத்தின் (x போன்றது) உயரத்துக்குச் சமமாக வைக்காதீர்கள். சிறிய அளவில் சுழிகள் அடைத்துக்கொள்ளும். அதற்கும் பெரிய எழுத்தின் உயரத்துக்கும் இடையில் வையுங்கள்.

ஐஐடி பாம்பேயின் வடிவமைப்புப் பள்ளியான ஐடிசி தருவது இரண்டாண்டு எம்.டெஸ். என்ற வடிவமைப்பு முதுகலை. சேர, ஜனவரியில் நடக்கும் சீட் (CEED) நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அது பொது வடிவமைப்பையும் வரைதிறனையும் சோதிப்பது, எழுத்துரு அறிவை அல்ல. உள்ளேயும் எழுத்துரு என்பது தகவல்தொடர்பு வடிவமைப்பின் ஒரு பகுதிதான். இறுதித் திட்டப்பணியாக எழுத்துரு எடுத்தால் யார் வழிகாட்டுவார் என்பதைச் சேரும் முன்பே கேட்டறியுங்கள். சுவிட்சர்லாந்தின் லோசானில் உள்ள ஈகால் (ECAL) கலைப்பள்ளியும் நல்ல இடம், ஆனால் இரண்டாண்டுச் செலவு. நியூயார்க்கின் கூப்பர் யூனியன் கல்லூரியில் கிடைப்பது சான்றிதழ், பட்டம் இல்லை.

போர்ட்ஃபோலியோவில் லோகோக்களைக் குறையுங்கள். பதினைந்து எழுத்துகளை இடைவெளி சரிசெய்து, பத்தியாக அச்சிட்டுக் காட்டுவது நூறு எழுத்தைத் தனித்தனியாகக் காட்டுவதைவிட மேல். இடைவெளிக்கு ப-வில் தொடங்குங்கள், அதன் இரு பக்கமும் நேர்கோடு. 'பபபப' சீராகத் தெரியும்வரை திருத்தி, பிறகு ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு ப-வுக்கு நடுவே வையுங்கள்: பகப, பணப, பழப. ட-வின் வலப்பக்கம் மேலே திறந்து கிடப்பதால் ப-வுக்குக் கொடுத்த இடத்தையே கொடுத்தால் சொல்லுக்குள் ஓட்டை விழும், அங்கே குறையுங்கள். பென்சில் வரைவுகளையும் திருத்தங்களையும் அப்படியே சேருங்கள். தேர்வுக்குழு நீங்கள் எப்படித் திருத்துகிறீர்கள் என்பதைத்தான் தேடும். எழுத்துரு வரையும் மென்பொருள்களான கிளிஃப்ஸ், ரோபோஃபான்ட் இரண்டும் மேக்கில் மட்டுமே ஓடும், அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள். அதுவரை பழக ஃபான்ட்ஃபோர்ஜ் இலவசம்.

பணம் கட்டும் முன் ஒவ்வொரு துறைக்கும் மின்னஞ்சல் அனுப்பி மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த ஆண்டு யார் யார் பாடம் எடுக்கிறார்கள், தமிழ் வரைவுகளை யார் பார்ப்பார்கள், படிக்கும்போது செய்த எழுத்துருவின் உரிமை யாருக்கு. மூன்றாவதற்கு எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.