கையகல வயலும் கார் நெல்லும்

வணக்கம் சார்,

சீனாவில் ஹெக்டேருக்கு 7 டன் நெல் எடுக்கிறார்கள். நமக்கு 4 டன் சொச்சம்தான். கையகல நிலத்தை வைத்துக்கொண்டு ஆளாளுக்கு ஒன்று செய்வதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சிறு விவசாயிகளின் நிலத்தை ஒன்றாக்கிப் பெரிய கம்பெனிகளிடம் கொடுத்தால் என்ன?

ஒரு வாசகர், கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள நண்பருக்கு,

கணக்கு சரி. காரணம் அதுவல்ல. 2015-16 கணக்கெடுப்பில் ஒரு இந்திய விவசாயியின் சராசரி நிலம் 1.08 ஹெக்டேர், தமிழ்நாட்டில் 0.75. சீனாவின் சராசரி இந்திய சராசரியைவிடக் குறைவு. நிலத்தையெல்லாம் ஒன்றாக்கிக் கூட்டுப்பண்ணை நடத்திப் பார்த்த நாடும் அதுதான். 1978இல் அன்ஹுய் மாகாணத்தின் சியாவ்காங் கிராமத்தில் 18 குடும்பங்கள் ரகசியமாக நிலத்தைப் பிரித்துக்கொண்டன. அடுத்த வருடமே விளைச்சல் கூடியது. சில வருடங்களில் நாடே அந்த வழிக்கு வந்தது. சீன விஞ்ஞானி யுவான் லாங்பிங்கின் வீரிய ஒட்டு நெல்லும் பாசன வசதியும் அந்தச் சின்ன வயல்களில்தான் பலன் தந்தன.

விதையில் நமக்கும் பெரிய குறை இல்லை. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986இல் தந்த அம்பை 16, நூற்றுப் பத்து நாள் பயிர், குட்டையான தடித்த அரிசி. ஜூன் 1 அன்று பாபநாசம் அணை திறந்தால், அந்தத் தண்ணீரில் போடும் கார் பருவ நெல் புரட்டாசிக்குள் வீடு வந்துவிடும். தென்மேற்குப் பருவமழை ஏமாற்றி, தண்ணீர் ஜூலை பாதிக்கு மேல் வந்தால் அறுப்பு ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்ளும்.

என் சித்தப்பாவுக்கு ஒரு வருடம் அப்படித்தான் ஆனது. சாய்ந்து கிடந்த பயிரை மிஷின் விட்டு அறுத்து, ரோட்டில் ஒரு பக்கமாகக் கொட்டிக் காயவைத்தார். மேகம் கூடும்போதெல்லாம் சித்தி ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்து மூடுவார். சித்தப்பா ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்ப்பார். நறுக்கென்று உடைந்தால் காய்ந்திருக்கிறது, பல்லில் நசுங்கினால் இன்னும் ஈரம். நாலு நாள் கழித்துக் கொண்டுபோனபோது அரசு கொள்முதல் நிலையத்தில் ஈரம் பார்க்கும் கருவி 19 காட்டியது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். வெளியே நின்ற வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு, காலிச் சாக்குகளை மடித்துக்கொண்டு வந்தார். அந்த வருடமும் அவர் வயலில் விளைச்சல் குறையவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

கம்பெனி நட்டிருந்தாலும் அதே மழைதான் பெய்திருக்கும். என்ன, கம்பெனியிடம் உலர்த்தும் மிஷின் இருந்திருக்கும். சரி, அந்த மிஷினைக் கொள்முதல் நிலையத்திலேயே வைத்தால் என்ன? 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்க அரசு அவ்வளவு பணம் கொட்டுகிறது. அதில் சிறு பங்கு போதும், கூரை போட்ட களமும் உலர்த்தியும் ஊருக்கு ஊர் வந்துவிடும். தண்ணீர் திறக்கும் முன்பே கன்னடியன், நதியுண்ணிக் கால்வாய்களைத் தூர்வாரினால் கால்வாயின் கடைசியில் நிலம் வைத்திருக்கும் கடைமடைக்காரர் நாற்றுப் பாவவும் பத்து நாள் காத்திருக்க வேண்டாம்.

நீங்கள் கல்லிடைக்குறிச்சிக்காரர். ஐப்பசியில் ரோட்டோரம் நெல் காயப்போட்டிருக்கும் யாரிடமாவது நின்று பேசிப் பாருங்கள். ஈரம் எத்தனை காட்டியது, கடைசியில் என்ன விலைக்குப் போனது என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.