இயற்கை வளம் இல்லாத நாடு மற்றவர் தயவில்தான் பிழைக்க வேண்டுமா?

கேள்வியைப் பார்த்தால், நீங்கள் தேர்வுக்காகவோ கட்டுரைக்காகவோ கேட்பதாகத் தோன்றுகிறது. சிங்கப்பூர்க் கட்டுமானத் துறையில் நெடுங்காலம் மேற்பார்வையாளராக இருந்த எனக்கு இது வயிற்றுப்பாட்டோடு சேர்ந்த விஷயம்.

2007ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இந்தோனேசியா நிலமணல் ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது, நாங்கள் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்துக்குத் தளம் போடும் கட்டத்தில் இருந்தோம். பலகை அடித்து, கம்பி கட்டி, சோதனையும் முடிந்திருந்தது. கான்கிரீட் லாரி மட்டும் வரவில்லை. கலவை ஆலைக்குத் தொலைபேசியில் பேசினால், "மணல் வந்தால்தான் அண்ணே லாரி வரும்" என்ற ஒரே பதில்தான். மழையில் நனைந்த கம்பிகளில் துரு ஏறத் தொடங்கியது. அடுத்து, கருங்கல் ஏற்றிவந்த படகுகளையும் இந்தோனேசிய அதிகாரிகள் தடுத்து நிறுத்தினார்கள். அரசாங்கம் முன்யோசனையோடு சேமித்து வைத்திருந்த மணலை வெளியே எடுத்த பிறகுதான் வேலை நகர்ந்தது. வேலை நின்ற நாள்களுக்கு எங்கள் நிறுவனம் ஊழியர்களின் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டதை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. இரு நாடுகளுக்கு இடையிலான இழுபறிக்கு, ஊரில் கடன் வாங்கி வந்த தொழிலாளி ஏன் விலை கொடுக்க வேண்டும்?

ஆகவே வளம் வைத்திருப்பவருக்குப் பலம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் எண்ணெய்க் கிணறு ஒன்றுகூட இல்லாத இந்த ஊரில், 1961லேயே புக்கோம் தீவில் ஷெல் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. பின்னர் கடலைத் தூர்த்து ஏழு தீவுகளை இணைத்து, பெட்ரோ ரசாயனத் தொழிலுக்கென்றே ஜூரோங் தீவு உருவாக்கப்பட்டது. கப்பல் எரிபொருள் விற்பனையில் இன்று உலகின் முதல் துறைமுகம் சிங்கப்பூர்தான். மலாக்கா நீரிணையின் வாசலில் அமைந்த அதிர்ஷ்டம் என்று சிலர் வாதிடுவார்கள். அமைவிடத்தின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே நீரிணையின் இரு கரைகளிலும் எத்தனையோ துறைமுகங்கள் இருக்கின்றன. அரசாங்கத்துக்கு வக்காலத்து வாங்குவதாகவும் யாரும் எண்ண வேண்டாம், கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறேன்.

தண்ணீரிலும் இதே கதைதான். 1962 ஒப்பந்தப்படி மலேசியாவின் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கும் உரிமை சிங்கப்பூருக்கு 2061 வரை உண்டு. ஆனாலும் 2003இல் கழிவுநீரைச் சுத்திகரித்த புதுநீரும், 2005இல் துவாசில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையும் வந்தன. ஒப்பந்தம் முடியும் நாளில் கையேந்தி நிற்காமல் பேரம் பேசும் தெம்பு இவற்றிலிருந்துதான் வரும்.

வளம் மட்டும் போதாது என்பதை வளம் நிறைந்த நாடுகளும் உணர்ந்திருக்கின்றன. உலகிலேயே அதிகமாக நிக்கல் வெட்டி எடுக்கும் அதே இந்தோனேசியா, தாதுவை அப்படியே கப்பலேற்றுவதை 2020இல் நிறுத்தி, வேண்டியவர்கள் தன் மண்ணிலேயே உருக்காலை கட்டட்டும் என்று சொல்லிவிட்டது.