பிசானம் விளையும் வயலை அடகு வைக்காதீர்கள்

அம்மா, மகளின் பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை என்றீர்கள். ஆறுதல் பிறகு சொல்கிறேன். சென்னையில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் செயற்கை நுண்ணறிவுப் பொறியியல்தான் என்று உங்கள் கொழுந்தனார் நிற்கிறார். அதற்காக, கார், பிசானம் என்று இரு போகம் விளையும் அம்பாசமுத்திரத்து வயலை அடகு வைப்பதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன். வட்டி கட்டப்போவது நீங்கள்.

மகளின் கைபேசியைப் பார்த்தீர்களா? கிருஷ்ணாபுரம் கோயிலின் குறத்தி தூணைச் சுற்றிச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்திருக்கிறாள். ஒரு படத்தின் பெரும்பகுதி அடுத்த படத்திலும் விழும்படி, அடியிலிருந்து முடி வரை. அவற்றைக் கணினியில் கோத்து முப்பரிமாணச் சிற்பமாக்கியிருக்கிறாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை!

பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கணினி அறிவியல் படிக்கட்டும். மெய்நிகர் உலகை உருவாக்கவும் அதை ஆராயவும் சேர்த்தே பழகட்டும். மெய்நிகர் உலகைக் கண்முன் காட்டும் ஹெட்செட்டை மாட்டி, கணினியில் உருவாக்கிய கோயில் மண்டபத்துக்குள் உலவினால் சிலருக்குத் தலை சுற்றும். நகர்கிறோம் என்று கண் சொல்லும். அசையவே இல்லை என்று உட்செவி சொல்லும். அப்படியானால் பார்ப்பவரை வழுக்கிச் செல்ல விடுவதா, இடம்விட்டு இடம் தாவ விடுவதா? இருபது பேரை அழைத்து, சம்மதம் வாங்கி, பாதிப் பேருக்கு வழுக்கல் முதலிலும் மற்றவர்களுக்குத் தாவல் முதலிலும் தர வேண்டும். எல்லோருக்கும் ஒரே வரிசை என்றால், பிந்தி வந்த குமட்டல் எதன் மிச்சம் என்றே தெரியாது. நிஜம்போலக் காட்டும் பயிற்சிக் கருவிகளில் (சிமுலேட்டர்) வரும் தலைசுற்றல், குமட்டலை அளக்க 1993-இல் வெளியான வினாப்பட்டியல் 16 அறிகுறிகளைக் கேட்கிறது. அதை வைத்து அளந்து, நினைத்தது பொய்த்தாலும் மறைக்காமல் எழுத வேண்டும். இருபது வயதில் இதைச் செய்துவிட்ட பிள்ளை எம்.சி.ஏ.வுக்கோ ஆராய்ச்சிக்கோ வெறுங்கையோடு போவதில்லை.

முப்பரிமாண உருவங்கள் செய்யும் பிளெண்டர் மென்பொருள் இலவசம், மெய்நிகர் உலகை இயக்கும் யூனிட்டியும் மாணவர்களுக்கு இலவசம். ஹெட்செட் வாங்கித் தராதீர்கள். கல்லூரித் துறையில் ஒன்று இருந்தால் வகுப்பே மாறி மாறிப் பயன்படுத்தலாம்.

எல்லாக் கல்லூரியிலும் இது கிடைக்காது. பணம் கட்டுமுன் துறைக்குப் போய், சென்ற ஆண்டின் புராஜெக்ட் அறிக்கைகளைக் கேளுங்கள். ஆட்களை வைத்துச் சோதித்த அட்டவணை ஒன்றாவது இருக்கிறதா என்று மகளே புரட்டிப் பார்க்கட்டும். கொழுந்தனாரும் வரட்டும், பேசுவது அவளாக இருக்கட்டும்.