52 வயதில் ஃபில்லர் போட்டால் முகம் இளமையாகுமா? கிளினிக்கில் சொல்லும் 'தங்க விகிதம்' உண்மையா?

நான் டாக்டர் இல்லை. மதுரையில் ஒரு பல் லேபில் பல்செட் செய்கிறவன். இருபது வருஷமாகக் கையில் மெழுகும் கத்தியும்தான். ஆனால் முகத்தை அளக்காமல் எங்கள் வேலையும் நடக்காது என்பதால் எழுதுகிறேன்.

முகத்தை மூன்று சம பங்காகப் பிரிக்கும் கணக்கு ரொம்பப் பழசு. வராகமிகிரர் எழுதிய பழைய வடமொழி நூலான பிருகத் சம்ஹிதையில் சிலைக்கு முகம் 12 அங்குலம். நெற்றி, மூக்கு, நாடி ஒவ்வொன்றும் 4 அங்குலம். சிலைக்குச் சரி. 1985இல் ஃபார்க்காஸ் என்கிற டாக்டர் வட அமெரிக்க இளைஞர்களின் முகங்களை அளந்து பார்த்தார். இந்த மாதிரிப் பழைய விதிகள் பலவும் பெரும்பாலான முகங்களில் பொருந்தவில்லை. நீங்கள் கேட்ட தங்க விகிதம், அதாவது 1.618 என்கிற கணக்கையும் அப்படித்தான் பார்க்கிறேன். சுவரில் மாட்டிய படத்தைக் காட்டி "உங்க நாடி இத்தனை மில்லிமீட்டர் குறையுது" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

ஆனால் கீழ்ப் பங்கு, அதாவது மூக்கடியிலிருந்து நாடி வரை, வயதானால் நிஜமாகவே குறையும். பல் போனால் தாடை எலும்பும் கரையும். பல்செட் போட்டவர்களுக்குக் கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஏறக்குறைய நாலு மடங்கு கரைகிறது என்று 1972லேயே எழுதிவிட்டார்கள்.

சோழவந்தான் அத்தைக்கு 63 வயது. வாயோரம் இரண்டு பக்கமும் ஆழமாகக் கோடு, உதடு உள்ளே போய்விட்டது. பேத்தி காதுகுத்துக்கு முன்னால் சரிசெய்ய வேண்டும் என்று மகள் ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போக, ஃபில்லர், அதாவது பள்ளத்தை நிரப்பத் தோலுக்கடியில் போடும் ஊசி, என்று ஒரு பெரிய தொகை சொல்லியிருக்கிறார்கள். நான் அத்தையின் பல்செட்டைக் கழற்றித் தரச் சொன்னேன். பதினாலு வருஷப் பழசு. கடைவாய்ப் பற்கள், தாயம் ஆட ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை மாதிரி மழுங்கிக் கிடந்தன. அப்புறம் நாடி மேலே ஏறி மூக்கை முட்டாமல் என்ன செய்யும்?

பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். மூக்கு நுனியில் ஒரு புள்ளி, நாடியில் ஒரு புள்ளி வைத்து, "அம்மானு சொல்லிட்டு அப்படியே இருங்க" என்று அளந்தார். வாய் தளர்ந்திருக்கும்போது வரும் அந்தத் தூரத்தில் 2 முதல் 4 மில்லிமீட்டர் கழித்தால் கடிக்கும்போது இருக்க வேண்டிய உயரம் வரும். கண்மணியிலிருந்து வாய்க்கோடு வரை உள்ள தூரத்தோடும் ஒப்பிட்டுக்கொள்வார்கள். அத்தைக்கு 6 மில்லி குறைந்திருந்தது. அந்த 6 மில்லிதான் அந்தக் கோடு.

தப்பு நான் செய்ததுதான். மெழுகில் முன்பற்களைச் சோளமணி மாதிரி வரிசையாக அடுக்கிக் கொடுத்தேன். ட்ரயலில் அத்தை கண்ணாடியைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். "இது யார் பல்லுப்பா? எனக்கு இப்படி இல்லையே." கல்யாண போட்டோவை எடுத்துப் பார்த்தால் இடப்பக்கம் ஒரு தெத்துப்பல்! மெழுகைச் சூடாக்கி அந்தப் பல்லைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன். அப்போதுதான் சிரித்தார். கோடு முழுதாகப் போகவில்லை, பாதி போனது. அவருக்கு அது போதும்.

ஊசியே வேண்டாம் என்று சொல்லவில்லை. போடாக்ஸ் முதலில் மாறுகண்ணுக்கு வந்த மருந்து. கனடாவில் ஒரு கண் டாக்டரும் தோல் டாக்டரான அவர் கணவரும் 1992இல் புருவ நடுக் கோட்டுக்கு அதைப் பயன்படுத்திக் கட்டுரை எழுதினார்கள். தசையைத் தளர்த்தும், மூன்று நான்கு மாதம் நிற்கும். உள்வாங்கிய வாய்க்கு அதால் பயனில்லை. ஃபில்லர் பெரும்பாலும் ஹயலுரானிக் அமில ஜெல். தப்பி ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் கருகலாம், அபூர்வமாகப் பார்வையே போகலாம். அதைக் கரைக்கும் ஹயலுரானிடேஸ் மருந்து கைவசம் இருக்கிறதா, ஊசி போடுபவர் தோல் டாக்டரா பிளாஸ்டிக் சர்ஜனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

மெடிக்கலில் சும்மா சொல்லி வாங்கும் 'வெள்ளை க்ரீம்' மட்டும் வேண்டவே வேண்டாம். என் தங்கை அப்படி ஆறு மாதம் பூசினாள். மொமெட்டாசோன் கலந்தது, ஸ்டீராய்டு. நிறுத்தியதும் முகமெல்லாம் சிவந்து எரிந்தது, கன்னத்தில் நரம்பு தெரிந்தது. அதற்குப் பதில் சன்ஸ்க்ரீன் வாங்குங்கள். ஆஸ்திரேலியாவில் 903 பேரை நாலரை வருஷம் கவனித்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் பூசியவர்களின் தோல் முதுமை 24 சதவீதம் குறைவாக இருந்தது. நம்மூர் சித்திரை வெயிலைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்.

சரி, உங்கள் கேள்வியில் பல்லைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கடைவாய்ப்பல் எத்தனை மிச்சம் இருக்கிறது?