நகத்தில் மை, தட்டில் குரல்

கேள்வி: யூடியூபில் நூறு வருடப் பழைய இசைத்தட்டு ஒன்றைக் கேட்டேன். பாட்டு முடிந்ததும் அந்த அம்மா, 'மை நேம் இஸ் கௌஹர் ஜான்' என்று உரக்கச் சொல்கிறார். இது என்ன, விளம்பரமா?

பதில்: விளம்பரம் இல்லை, விலாசம். கௌஹர் ஜான் அந்தக் காலத்து இந்துஸ்தானிப் பாடகி. 1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனி சார்பில் பிரெட் கெய்ஸ்பெர்க் என்பவர் கல்கத்தா வந்து, ஹோட்டல் அறையையே ஒலிப்பதிவுக்கூடமாக்கி உட்கார்ந்தார். மைக் கிடையாது. புனல் மாதிரி பெரிய குழல் ஒன்று. அதன் வாய்க்குள் முகத்தை நுழைக்காத குறையாகப் பாட வேண்டும். குரலின் அதிர்வில் மறுமுனையில் இருக்கும் ஊசி மெழுகுத் தட்டைக் கீறிக்கொண்டே போகும். மொத்தம் மூன்று நிமிடம் சொச்சம்தான் இடம். ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பழகியவர், அதற்குள் விரித்து, சுருட்டி, முடித்து, மிச்சமிருக்கும் இரண்டு விநாடியில் பெயரையும் சொல்லிவிட வேண்டும்.

பெயர் எதற்கு? அந்த மெழுகுத் தட்டு கப்பலேறி ஜெர்மனியில் உள்ள ஹனோவருக்குப் போகும். அங்கேதான் இசைத்தட்டாக அச்சடித்து, லேபிள் ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். அங்கே இருந்த தொழிலாளிக்குத் தும்ரியும் ஒன்றுதான், தாத்ராவும் ஒன்றுதான் (இரண்டும் இந்துஸ்தானிப் பாட்டு வகைகள்). எது யார் பாடியது என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பாடியவரே கடைசியில் சொல்லிவிட்டால் வேலை சுலபம். 1908இல் கல்கத்தாவிலேயே, சியால்டாவில், தொழிற்சாலை வந்த பிறகு கப்பல் பயணம் முடிவுக்கு வந்தது.

முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் என்பதால் அந்த ஜெர்மன்காரரின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. மூலையில் பக்கத்தின் பெயர் எழுதாத ப்ரூஃப் ஒன்று எங்களிடம் ஒருமுறை மேசை மாறிப் போய்விட்டது. அந்த வாரம் கடக ராசிக்காரர்கள் ஏக்கருக்கு 200 மில்லி தெளிக்க வேண்டியதாயிற்று.

ஒரு திருத்தம். இந்தியாவில் முதன்முதலில் தட்டில் பதிவான பாடகி கௌஹர் ஜான்தான் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அதே நவம்பரில் சில நாள் முன்பே சசிமுகி, பனிபாலா என்ற இரண்டு நாடக நடிகைகள் அந்தக் குழலில் பாடிவிட்டார்கள். ஆனால் புகழ் யாருக்குப் போகும் என்பதைத் தேதி தீர்மானிப்பதில்லையே. கடைசிக் காலத்தில், 1928இல், மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் கௌஹர் ஜானை அரண்மனைப் பாடகியாக்கினார். 1930 ஜனவரியில் மைசூரிலேயே அவர் இறந்தார். ஹனோவர், மைசூர் இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி வரும்.

கேள்வி: பேனா மூடியின் நுனியில் ஓட்டை எதற்கு? மை காயாமல் இருக்கத்தானே?

பதில்: காயாமல் இருக்க வேண்டுமென்றால் ஓட்டையே இருக்கக் கூடாதே! மூடியைக் கடித்துக்கொண்டே யோசிக்கிற பிள்ளை அதை விழுங்கி, அது மூச்சுக்குழலில் மாட்டிக்கொண்டால், உதவி வரும்வரை கொஞ்சமாவது காற்றுப் போகட்டும் என்றுதான். இதற்கென்று ஐஎஸ்ஓ 11540 என்ற சர்வதேசத் தரவிதியே இருக்கிறது. சில பால்பாயிண்ட் பேனாக்களின் உடம்பில் இருக்கும் பொடி ஓட்டை வேறு சமாசாரம். அது உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமாக இருக்க.

கேள்வி: ஓட்டுப் போட்டு இரண்டு வாரம் ஆகிறது. விரல் மை போகவில்லை. எலுமிச்சை, நெயில் பாலிஷ் ரிமூவர் எல்லாம் பார்த்துவிட்டேன். எதைப் போட்டால் போகும்?

பதில்: எதைப் போட்டாலும் போகாது. தோலில் இருப்பது தோல் உதிரும்போது தானாகப் போகும். நகத்தில் இருப்பதற்கு நகவெட்டிதான் மருந்து, அதுவும் நான்கைந்து மாதம் கழித்து.

அதில் இருக்கும் சரக்கு வெள்ளி நைட்ரேட். தோலில் உள்ள உப்போடு சேர்ந்ததும் வெள்ளி குளோரைடு ஆகிவிடும். அது தண்ணீரில் கரையாது. வெளிச்சம் பட்டால் கறுக்கும். வைத்த உடனே ஊதா நிறத்தில் தெரிவது வெறும் சாயம். உண்மையான கறை வெயிலில் நடந்து வீட்டுக்கு வரும் வழியில்தான் ஊறுகிறது. வாக்குச்சாவடிக்கு வெளியே வந்ததும் அவசரமாக விரலைத் தேய்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும், வெயிலில் நின்றுகொண்டுதான் தேய்ப்பார்கள்.

போன தேர்தலுக்குப் பிறகு என் விரலை ஒரு வேலையாகவே கவனித்து வந்தேன். முதல் மாதம் அந்தக் கோடு நகக்கண்ணை ஒட்டி, துரு பிடித்த மாதிரி. அடுத்த மாதம் அதற்கும் தோலுக்கும் நடுவே வெள்ளையாய்ப் புது நகம். மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் கணக்கில் அது மேலே ஏறி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பழுப்பு நிறத்தில் பிறைநிலா போல நகவெட்டியில் வந்து விழுந்தது. தேர்தல் முடிவே எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

இந்த மையைத் தேர்தல் ஆணையத்துக்குத் தயாரித்துக் கொடுப்பது ஒரே ஒரு நிறுவனம்: மைசூர் பெயிண்ட்ஸ் அண்டு வார்னிஷ், கர்நாடக அரசுக்குச் சொந்தமானது. 1962 பொதுத்தேர்தலில் இருந்து இந்த மைதான். இருபதுக்கும் மேற்பட்ட வெளிநாடுகளுக்கும் போகிறது. 1937இல் அரக்குத் தொழிற்சாலையாக அதைத் தொடங்கியவர் யார் தெரியுமா? மேலே கௌஹர் ஜானுக்கு வேலை கொடுத்தாரே, அதே நால்வடி கிருஷ்ணராஜ உடையார்.

அப்புறம் ஒன்று. தேர்தலில் இடது கை ஆள்காட்டி விரல். 2016 நவம்பரில் பழைய நோட்டை மாற்ற வங்கிக்குப் போனவர்களுக்கு இதே மையை வலது கை விரலில் வைத்தார்கள். இடைத்தேர்தல் நடந்துகொண்டிருந்த இடங்களில் குழப்பம் வரக் கூடாதே!

கேள்வி: ஒரு தொகுதியில் ஆயிரம் பேர் போட்டியிட்டார்கள் என்று தாத்தா சொல்கிறார். அளக்கிறாரா?

பதில்: தாத்தா குறைத்துத்தான் சொல்லியிருக்கிறார். 1996 சட்டமன்றத் தேர்தல், மொடக்குறிச்சி: 1,033 வேட்பாளர்கள். தங்கள் குறைகளை யாரும் காதில் வாங்கவில்லை என்ற கோபத்தில் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுத் தாக்கல் செய்துவிட்டார்கள். அப்போது டெபாசிட் வெறும் 250 ரூபாய். வாக்குச்சீட்டைச் சீட்டு என்றே சொல்ல முடியாது, புத்தகம். அந்தப் புத்தகத்துக்கு ப்ரூஃப் பார்த்த மனிதர் யாரோ, அவரை நினைத்து நான் பல நாள் வருந்தியிருக்கிறேன். ஆயிரத்துச் சொச்சம் பெயர்கள், பாதிக்கு மேல் ஒரே மாதிரிப் பெயர்கள், ஒரு கொம்பு விட்டுப்போனாலும் கோர்ட்டுக்குப் போகும்!

தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் ஜெயித்தார். 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. அதாவது, தனக்குத் தானே போட்டுக்கொள்ளவில்லை. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை, ஜெயிக்கவா நின்றார்கள்? அதே வருடம் நாடாளுமன்றத் தேர்தலில் ஆந்திராவின் நல்கொண்டாவில் 480 பேர் நின்றார்கள், ஃப்ளோரைடு கலந்த குடிநீர்ப் பிரச்சினையை நாட்டுக்குச் சொல்ல. அதற்கப்புறம் சட்டத்தைத் திருத்தி, சட்டமன்ற டெபாசிட்டை 5,000 ஆக்கினார்கள் (இப்போது 10,000). சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும் என்றும் ஆயிற்று.

இருந்தும் 2019இல் தெலங்கானாவின் நிஜாமாபாதில் 185 பேர் நின்றார்கள், பெரும்பாலோர் மஞ்சள் விவசாயிகள். ஒரு வாக்கு இயந்திரத்தில் 16 பொத்தான். எனவே ஒவ்வொரு சாவடியிலும் 12 இயந்திரங்களை வரிசையாக இணைத்து வைத்தார்கள். 185 பேரோடு நோட்டாவையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், கணக்குச் சரியாக வரும். இப்போதைய இயந்திரத்தில் 24 வரை இணைக்கலாம், அதாவது 384 பெயர். மொடக்குறிச்சி மறுபடி நடந்தால் மறுபடி காகிதம்தான்.

கேள்வி: இங்கிலாந்துப் பிரதமரைக் கீரை தோற்கடித்ததாமே?

பதில்: லெட்யூஸ். 2022 அக்டோபரில் லிஸ் டிரஸ் பதவி ஆட்டம் கண்டபோது, இவர் முதலில் போவாரா, இது முதலில் வாடுமா என்று 'டெய்லி ஸ்டார்' பத்திரிகை ஒரு லெட்யூஸுக்கு விக் வைத்து நேரலை காட்டியது. லெட்யூஸ் ஜெயித்தது. அவர் பதவியில் இருந்தது 49 நாள். பிரதமர் இல்லத்து எலி பிடிக்கும் அதிகாரியான லாரி என்ற பூனை 2011இல் வேலைக்குச் சேர்ந்தது. கேமரூனில் தொடங்கி ஸ்டார்மர் வரை ஆறு பிரதமர்களைப் பார்த்துவிட்டது.

கேள்வி: 'ஓகே' என்பதன் விரிவு என்ன? குடும்பத்தில் பந்தயம்.

பதில்: பந்தயத்தில் யாரும் ஜெயித்திருக்க மாட்டீர்கள். விரிவு 'ஆல் கரெக்ட்'. அப்படியானால் ஏ.சி. என்றல்லவா வர வேண்டும் என்பீர்கள். சரிதான். வார்த்தைகளை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதி, அதற்கு ஒரு சுருக்கமும் வைப்பது அன்றைய அமெரிக்கப் பத்திரிகைக்காரர்களின் விளையாட்டு. 1839 மார்ச் 23 அன்று 'பாஸ்டன் மார்னிங் போஸ்ட்' பத்திரிகையில் 'ஓல் கொரெக்ட்' என்ற அர்த்தத்தில் ஓ.கே. அச்சானது. மற்ற சுருக்கங்களோடு இதுவும் செத்திருக்கும், தேர்தல்தான் காப்பாற்றியது. 1840இல் மறுபடி போட்டியிட்ட அதிபர் மார்ட்டின் வான் ப்யூரன், நியூயார்க் மாநிலத்துக் கிண்டர்ஹூக் என்ற ஊர்க்காரர். 'ஓல்டு கிண்டர்ஹூக்' என்று பட்டப்பெயர் வைத்து, ஆதரவாளர்கள் ஓ.கே. கிளப் தொடங்கினார்கள். எதிர்க்கட்சியோ அதே இரண்டு எழுத்துக்கு விதவிதமாய்க் கிண்டல் விரிவு கொடுத்தது. வான் ப்யூரன் தோற்றார், வார்த்தை தங்கிவிட்டது. அவரைத் தோற்கடித்த ஹாரிசன் பதவியேற்ற ஒரே மாதத்தில் இறந்துபோனார் என்பது உபரிச் செய்தி.

உலகம் முழுக்க ஒரு நாளைக்கு எத்தனை கோடித் தடவை சொல்லப்படுகிறதோ தெரியாத ஒரு சொல், அச்சுப்பிழையாகப் பிறந்தது! என் தொழிலை இதைவிடக் கேவலப்படுத்த முடியாது.

கேள்வி: கங்னம் ஸ்டைல் பாட்டு யூடியூபையே உடைத்துவிட்டது என்பது நிஜமா?

பதில்: பாதி நிஜம். பார்வைகளை எண்ண யூடியூப் வைத்திருந்த கணக்கில் அதிகபட்சம் 2,147,483,647 வரைதான் எழுத முடியும். 32 பிட் எண்ணின் எல்லை அது. பழைய ஸ்கூட்டரில் கிலோமீட்டர் காட்டும் முள்பெட்டி 99,999க்கு மேல் மறுபடி பூஜ்யத்துக்கு வருமே, அந்த மாதிரி. 2012 ஜூலையில் வந்த, தென்கொரியப் பாடகர் சையின் இந்தப் பாட்டு அந்த வருடம் முடிவதற்குள் நூறு கோடியைத் தொட்ட முதல் வீடியோ ஆயிற்று. 2014 கடைசியில் எல்லையை நெருங்கியது. அது உடையும்வரை பொறியாளர்கள் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. முன்கூட்டியே 64 பிட்டுக்கு மாற்றிவிட்டுத்தான் 'உடைந்துவிட்டது' என்று குறும்பாக அறிவித்தார்கள். புது எல்லை ஒன்பதில் தொடங்கும் 19 இலக்க எண். இனி எந்தக் குதிரை ஆட்டமும் அதைத் தொடாது.

கேள்வி: ஸ்வீடனின் அபா குழு ஏன் அப்படி மின்னும் உடை போட்டது?

பதில்: வருமான வரி. தெருவில் போட்டுக்கொண்டு நடக்க முடியாத உடை என்றால் ஸ்வீடனில் அதைத் தொழிற்செலவாகக் காட்டலாம். குழுவின் பியோர்ன் உல்வேயஸே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார். அன்றைய புகைப்படங்களைப் பார்த்தால் வரி அதிகாரி மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டார் என்றுதான் தோன்றுகிறது.

கேள்வி: சிடி 74 நிமிடம் ஓடுவது பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனிக்காக என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். இது கட்டுக்கதை என்று என் மகன் சொல்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மகன். அந்தக் கதை அழகாக இருந்ததால் சோதிக்காமல் விழுங்கிவிட்டேன். சோனியின் நோரியோ ஓகா பாடகராகப் பயிற்சி பெற்றவர். முழு சிம்பொனியும் ஒரே தட்டில் அடங்க வேண்டும் என்றாராம். ஆனால் சிடியை உருவாக்கியவர்களில் ஒருவரான பிலிப்ஸ் பொறியாளர் கீஸ் இம்மிங்க் பின்னாளில் எழுதியது வேறு. சோனியோடு சேர்ந்து சிடியை உருவாக்கிய பிலிப்ஸ் கேட்டது 11.5 சென்டிமீட்டர் தட்டு. அதன் துணை நிறுவனமான பாலிகிராமிடம் அந்த அளவில் தட்டுப் போடத் தொழிற்சாலை தயாராக இருந்தது. சோனியிடம் தொழிற்சாலையே இல்லை. 12 சென்டிமீட்டர் என்று மாற்றிவிட்டால் இருவரும் ஒரே கோட்டில் இருந்து ஓடலாம். மாற்றினார்கள். பீத்தோவனுக்கு அதில் கிடைத்தது கௌரவ வேடம்.

அந்தத் தொழிற்சாலை இருந்தது ஹனோவரை ஒட்டிய லாங்கன்ஹாகனில். 1982 ஆகஸ்ட் 17 அன்று அங்கே அச்சான சிடி, மேலே வந்த அபா குழுவின் 'தி விசிட்டர்ஸ்'. கௌஹர் ஜானின் மெழுகுத் தட்டு போய்ச் சேர்ந்ததும் இதே ஊருக்குத்தான், எண்பது வருடம் முன்பு. கிராமபோன் தட்டைக் கண்டுபிடித்த எமில் பெர்லினர் பிறந்த ஊரும் அதுதான். தன் சகோதரரோடு சேர்ந்து 1898இல் அங்கே தட்டுக் கம்பெனி தொடங்கினார். பாலிகிராம் அந்தக் கம்பெனியின் வழியில் வந்தது.

போன மாத இதழைப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் 'பீத்தோவன்' என்ற இடத்தில் ஒரு கோடு போட்டு, 'தொழிற்சாலை' என்று ஓரத்தில் எழுதிக்கொள்ளவும். சிவப்பு மையில்.